நாற்பத்தொரு கைகள்

பலகையில் பெஸ்தாரி ஜெயா.
பஸ்ஸில் ஏறிச் சொன்னால் இன்னமும்
பத்தாங் பெர்ஜுந்தைதான்.
செம்பனைக்கு நடுவே எங்கள் கையுறைத் தொழிற்சாலை,
அதன் பின்புறம் ஸ்டோர்,
ஸ்டோர் முழுக்கக் கைகள்.

பீங்கான் கைகள்.
ரேக்கில் விரல் மேலே பார்க்க நிற்கும்,
யாரோ கேட்ட கேள்விக்கு
ஒரு வகுப்பே கை தூக்கியதுபோல.

பாலில் முக்குவதற்கு முன்
ஒவ்வொன்றையும் நான் பார்த்தாக வேண்டும்.
ஊதா மை தடவி ஈரத்துணியால் துடைத்தால்
நல்ல கை வெள்ளையாய்த் திரும்பும்.
கெட்ட கை
மையைக் கொஞ்சம் வைத்துக்கொள்ளும்.

செவ்வாய்க்கிழமை காலை
நாற்பது கைகள் வைத்துக்கொண்டன.

"தள்ளுவண்டியக் கவுத்துட்ட, யோகேஸ்"
என்றார் ஞானப்பிரகாசம்.
கேள்வி இல்லை.
ஒரு கை முப்பத்தெட்டு வெள்ளி.
நாற்பதால் பெருக்கி என் பெயருக்கு நேரே எழுதினார்:
ஓவர்டைம் இல்லாத என் ஒரு மாதம்.

நான் கவிழ்க்கவில்லை.
திங்கள் இரவு நானும் ஹிக்மத்தும்
புதுச் சரக்கை வெந்நீர்த் தொட்டியில் கழுவி
ரேக்கில் ஏற்றிவிட்டு மைலோ குடித்தோம்.
மழை பிடித்தது. தகரக் கூரை குளிர்ந்தது.
அப்போதுதான்
டிங்.
யாரோ கோப்பையை நகத்தால் சுண்டியதுபோல.
கொஞ்சம் பொறுத்து, வேறு மூலையில், டிங்.
"ஹந்து?" என்றான் ஹிக்மத்,
நேப்பாளத்தில் அதற்கு என்ன பெயரோ.
டார்ச் அடித்தேன். ஒருவரும் இல்லை.
கைகள் தாமாகவே.

இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.
ஆறு வருஷம் மை தடவியிருக்கிறேன்.

சூளைச் சூட்டில் பூச்சும் மண்ணும் ஓர் அளவு.
ஆறும்போது பூச்சு
இன்னும் கொஞ்சம் சுருங்கப் பார்க்கும்,
மண் விடாது.
உரிந்துகொண்டு போகலாமென்றால்
அதற்கும் வழியில்லை, அத்தனை ஒட்டு.
மெலிசாகப் பூசியிருந்தால்
அந்த இழுப்போடேயே காலம் தள்ளிவிடும்.
பழைய கைகள் எல்லாம் அப்படித்தான் நிற்கின்றன.
இந்தச் சரக்கில் பூச்சு தடி,
பளபளப்புக்காக ஒரு கை கூடுதல்.
தடிப்பு ஏற ஏற உள்ளே சேர்ந்ததும் ஏறும்.
பிறகு ஊசிமுனைக் குறை ஒன்று போதும்,
கோடு ஓடும்.

ஓடிய கோட்டின் இரு கரையிலும் இழுப்பு தளரும்.
அடுத்த கோடு அங்கே வராது.
தள்ளி, இன்னும் விறைப்பு மிச்சமிருக்கும் இடமாகப் பார்த்துப் பிறக்கும்.
குறுக்கே வருகிற கோடோ
முதல் கோட்டில் செங்குத்தாய் முட்டி நிற்கும்,
தாண்டாது.
எது முந்தி, எது பிந்தி
என்று என்னால் விரல் வைத்துச் சொல்ல முடியும்.

தவுக்கே லோவின் அறையில் ஏர்கோன்.
துண்டில் சுற்றி இரண்டு கைகள் கொண்டுபோனேன்,
புதுசில் ஒன்று, பழசில் நல்லதாய் ஒன்று.
நல்லதை
மேசை உயரத்திலிருந்து கார்ப்பெட்டில் விட்டேன்.

"அடியே!" என்றார் ஞானப்பிரகாசம்.

இரண்டுக்கும் மை தடவித் துடைத்தேன்.
விழுந்த கையில், மணிக்கட்டோரம்
ஒரே புள்ளி. அதிலிருந்து கால் நீட்டிய நட்சத்திரம்.
மற்ற இடமெல்லாம் வெள்ளை.
புதுசில் புள்ளியே இல்லை.
அடியிலிருந்து நுனிவரை சீரான வலை.
மோதிர விரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவே,
எந்த வண்டி கவிழ்ந்தாலும்
எதுவும் போய் இடிக்க முடியாத அந்தச் சந்திலும்
வலை.

லோ கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
நெடுநேரம் பார்த்தார்.
பிறகு சப்ளையருக்குப் போன் போட்டுச்
சீனத்தில் கத்தினார்.
கத்தலுக்கு நடுவே
கீழே விழுந்த கையைக் காட்டி
என்னைப் பார்த்தார்.

"அதுக்கு மட்டும் பிடிச்சுக்குங்க" என்றேன்.

ஞானப்பிரகாசம் நாற்பதை அடித்து
ஒன்று என்று எழுதினார்,
என் முகத்தைப் பார்க்காமல்.
கையெழுத்துப் போட்ட தாளில்
என் பெருவிரல் ஊதாவாய்ப் பதிந்துவிட்டது,
ரேகை ரேகையாய்.