எறும்பு

ஏற்காட்டு கஃபேயில் கிரீம் அடிக்க
சின்னச் சின்ன ஸ்டீல் குப்பிகள்,
சுண்டுவிரல் நீளம்.
கடை சாத்தியதும் பலூனில் ஏற்றி
நௌஷாத் ஒன்று, நான் ஒன்று.
அரை நிமிஷச் சிரிப்பு.
அப்புறம் இன்னொன்று.
மழைக்காலம் முழுக்க அப்படித்தான்.

முதலில் போனது செருப்பு.
பதினோராம் கொண்டை ஊசி வளைவில்
பைக்கை நிறுத்தினால்
ஒரு கால் வெறுங்கால்.
எங்கே கழன்றதென்று காலுக்கே தெரியவில்லை.
அதற்கும் சிரித்தோம்.

பிறகு தலைக்குக் குளிக்கையில்
ஷாம்புக்குக் கண்ணை மூடினேன்,
தரை நகர்ந்துவிட்டது.

சேலம் பெரியாஸ்பத்திரி.
இசைக்கவையைத் தட்டிக்
கணுக்காலில் வைத்தார் டாக்டர்.
"தெரியுதா?"
"கேக்குது சார்."
"காதை விடு. கால்ல தெரியுதா?"

தண்டுவடம் என்றார். கேஸ் என்றார்.
அம்மாவுக்குத் தெரிந்த கேஸ்
கொலுசுக்கு முத்துப் பற்றவைப்பது.
"அதைப் போயாடா மோந்தே?"

இப்போது ஒருநாள் விட்டு ஒருநாள் சிவப்பு ஊசி.
கரண்ட் போனால்
செவ்வாய்ப்பேட்டை வீட்டில்
நின்ற இடத்திலேயே நிற்கிறேன்,
யாராவது செல்போன் வெளிச்சம்
என் காலில் அடிக்கும்வரை.

ஐந்து மாசமாய் இல்லாத எறும்புகள்
முழங்கால்வரை ஊர்ந்தபடி.
நேற்று பெருவிரலில் ஒன்று.
வழக்கம்போல என்றுதான் குனிந்தேன்.

கறுப்பாக,
நிஜமாகவே ஓர் எறும்பு.
தட்டிவிடவில்லை.