எந்த

சித்தூரில் எனக்கு வேலை
எடைமேடைக்குச் சாட்சி சொல்வது.
மாம்பழக் கூழ் ஆலை வாசலில்
லாரி ஏறி நிற்கும் இரும்புத் தட்டு
பொய் சொல்கிறதா என்று
படிக்கற்களை ஏற்றி இறக்கிப் பார்த்தேன்.
இருபது கிலோ கூடச் சொன்னது.
திருத்தி, முத்திரை வைத்து, கை கழுவினேன்.

ரயிலுக்கு நாலு மணி நேரம்.
பயணப்படியில் மிச்சம் அறுநூறு ரூபாய்.
அரக்கோணத்து வீட்டில்
முன்பு குடியிருந்தவர் அடித்த ஆணி ஒன்று
எட்டு மாதமாய்
ஒன்றுமில்லாததைத் தாங்கிக்கொண்டிருக்கிறது.

லாட்ஜுப் பையன் அனுப்பிய கடையில்
துணியில் எழுதிய மரம் இரண்டாயிரத்து எண்ணூறு.
அதில் ஒரு கிளியை மட்டும் தருவீர்களா
என்று கேட்க முடியுமா?
அடுத்த கடையில்
ஸ்விட்ச் போட்டால் ஓடும் அருவி.
இந்த ஊருடையது ஏதாவது, என்றேன்.
"எல்லாம் இந்த ஊர்தான் சார்,
இங்கதானே விக்கிறோம்."

சான்றிதழுக்கு இரண்டு நகல் வேண்டியிருந்தது.
பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை.
இயந்திரத்துக்கு மேலே கொடிக்கயிறு,
கிளிப்பில் தாள்கள்,
லினோலியத்தில் வெட்டி அச்செடுத்த படங்கள்.
மை காய்ந்தும் காயாமலும்.

நான்காவதில் ஒரு லாரியின் அடிவயிறு.
அச்சில் கட்டிய தூளி.
தூளிக்கு வெளியே ஒரு கால்,
பெருவிரல் மட்டும் விறைத்து.

காலையில் அந்த வரிசையை நானும் கடந்தேன்.
எழுபது லாரி. எனக்கு அது
எழுநூறு டன்.

"எந்த?" என்றேன்.
எனக்குத் தெரிந்த ஆறு தெலுங்குச் சொற்களில் ஒன்று.
எவ்வளவு என்று பொருள்.
பாதியில் நின்ற தமிழாக
அவள் காதில் விழுந்திருக்கிறது.
"அந்த நாலாவதுதானே.
அதையேதான பாத்துக்கிட்டு நிக்கிறீங்க"
என்று கழற்றி நீட்டினாள்.
ஓரத்தில் பென்சிலில் பெயர்: பிரமீளா.

இருநூறு என்றாள்.
தாள் வீணாய்ப்போன தாள்தானே, என்றேன்.
"வீணாப்போன தாள்தான்.
கத்திமுனைதான் மாசத்துக்கு ரெண்டு உடையுது."
நூற்றைம்பதுக்கு இறங்கினாள்.
நகலுக்கு நாலு ரூபாய் தனியாக வாங்கினாள்.
அதில் நான் பேரம் பேசவில்லை.
அப்புறம் சாப்பிட்ட பிரியாணி
இருநூற்று இருபது. அதிலும்.

அறையில் பெட்டியைத் திறந்து
சின்னத் தராசை எடுத்தேன். தொழில் புத்தி.
வெறும் தாள்
நாலு கிராம் அறுநூற்று எண்பது மில்லி.
படத்தோடு
ஐந்து கிராம் இருநூறு.
அரை கிராம் சொச்சம் மை.
மறுபடி வைத்துப் பார்த்தேன்,
மின்விசிறியை நிறுத்திவிட்டு.
அவ்வளவுதான் காட்டியது.

திருப்பினால் பின்பக்கம்
கோணலாய் விழுந்த அடையாள அட்டை நகல்.
எண் எல்லாம் மசிக்குள் போய்விட்டது.
பாதி முகம் இருக்கிறது.
ஒரு கண், பாதி மீசை,
கேமராவுக்கு முன்னால்
மூச்சைப் பிடித்துக்கொண்ட கன்னம்.

ரயிலில் அதை மடியில் வைத்திருந்தேன்.
காட்பாடி வரை கால்.
காட்பாடிக்குப் பிறகு, எப்படியோ, முகம்.

அரக்கோணத்தில் சட்டம் போடும் ஜெயசீலன்
தாளை விளக்கில் தூக்கிப் பிடித்தான்.
காலும் கண்ணும்
ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன.
"எந்த..." என்று ஆரம்பித்தான்,
எந்தப் பக்கம் முன்னால் வர வேண்டும் என்று கேட்க.

நூற்றைம்பது என்று
சொல்லிவிட்டேன்.