எண்ணிக்கை: ஒன்று

ஆர்வோ நீமெலாவின் படிவம் காலையில் வந்தது.
பறவை: தகைவிலான்.
நாள்: மார்ச் பத்தொன்பது.
எண்ணிக்கை: ஒன்று.
எப்படி அடையாளம் கண்டீர்கள் என்ற கட்டத்தில்
"எனக்குத் தெரியும்."

சன்னலுக்கு வெளியே பனிவாரி வண்டி
மூன்றாம் முறையாகத் தெருவை வழித்துக்கொண்டு போகிறது.
சுப்பீரியர் ஏரி கண்ணெட்டும் தூரம்வரை
கல்லாய்க் கிடக்கிறது.
ஒரு கொசுகூட இல்லாத ஊருக்குக்
கொசுதின்னி எதற்கு வரும்?

மாவட்ட ஏட்டில் இதுவரை மிக முந்தி வந்தது
ஏப்ரல் ஐந்து.
அந்தத் தாளோடு இரண்டு படம் இருக்கிறது,
நான்கு பேர் கையெழுத்து இருக்கிறது.

பன்னிரண்டு ஆண்டாக இந்த வேலை. சம்பளம் கிடையாது.
பகலில் பல் மருத்துவரிடம் கணக்கு எழுதுகிறேன்.
இரவில் ஊராரின் கண்களைத் தணிக்கை செய்கிறேன்.
யாரும் பொய் சொல்வதில்லை. அதுதான் சிக்கல்.
ஐந்து மாதம் வெள்ளையையே பார்த்த கண்
கடன் வாங்கியாவது
ஒரு நிறத்தைப் பார்த்துவிடும்.

போன மார்ச்சில் பள்ளிப் பேருந்து ஓட்டும் க்ளோரிஸ்
மே மாதத்துப் பறவையின் குரலைக் கேட்டதாக எழுதினாள்.
பீ... அ... வீ.
போய்ப் பார்த்தேன்.
தீவனக் கிடங்கின் குழாய்மேல் ஒரு ஸ்டார்லிங்
சென்ற கோடையில் எங்கோ கேட்டதை
எழுத்துப் பிசகாமல் ஒப்பித்துக்கொண்டிருந்தது.
அவள் கேட்டது சரி. பறவைதான் வேறு.
ஏற்கப்படவில்லை என்று எழுதினேன்.
இப்போது கடையில் என்னைக் கண்டால்
ரொட்டி அலமாரிக்குப் பின்னால் திரும்பிவிடுகிறாள்.

ஆர்வோவுக்குக் கேள்விகள் அனுப்பினேன்.
வால் எவ்வளவு பிளந்திருந்தது?
தொண்டை செங்கல் நிறமா?
வெயில் எந்தப் பக்கம்? எத்தனை நொடி?
கூட யார்?

மாலையில் பதில்:
"வால் நீளம். நொடி எண்ணவில்லை.
கூட மாடுகள்.
நாற்பது வருஷமாக என் கொட்டகை உத்தரத்தில்தான் கூடு.
உன் புருஷன் வாசலில் வந்து நின்றால்
தொண்டை என்ன நிறமென்று பார்த்துத்தான்
கதவைத் திறப்பாயா?"

வாய்விட்டுச் சிரித்தேன்.
சிரித்து முடித்து,
ஏற்கப்படவில்லை, போதிய விவரம் இல்லை.
தவறு என்று நான் சொல்லவில்லை.
இரண்டு சொல்லுக்கும் நடுவே
ஒரு மாவட்டமே குடியிருக்கலாம்.

சனிக்கிழமை கழிவுநீர்க் குட்டைகளுக்குப் போனேன்.
ஊரில் உறையாத தண்ணீர் அது ஒன்றுதான்.
வெதுவெதுப்பான நாற்றத்தின்மேல்
பொடிப்பூச்சிகள் புகைபோல் எழும்பி நின்றன.
கொசுகூட இல்லை என்றேனே,
அந்த வரியை அடித்துவிடுங்கள்.

மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.
ஏதோ ஒன்று, தாழ்வாக,
இடமிருந்து வலமாக,
தண்ணீரைத் தொட்டும் தொடாமலும்.
பைனாகுலர் கண்ணுக்கு ஏறுவதற்குள்
மதகுச் சுவருக்கு அப்பால்.

ஒரு மணி நேரம் நின்றேன். விரல்கள் மரத்தன.
தகைவிலான். தகைவே இல்லாதது என்று
பெயரிலேயே எழுதி ஒட்டியிருக்கிறது.
மெக்சிகோ வளைகுடாவுக்கே
மூச்சு வாங்காதது
நான் கண்ணாடி துடைத்து முடிக்கக் காத்திருக்குமா?

காருக்குள் படிவத்தைத் திறந்தேன்.
எண்ணிக்கை: ஒன்று.
வால்: நீளம் என்று நினைக்கிறேன்.
தொண்டை: பார்க்கவில்லை.
கூட: யாரும் இல்லை. மாடுகள்கூட.
எப்படி அடையாளம் கண்டீர்கள்?

என் படிவங்களைத் தீர்ப்பவள்
அடுத்த மாவட்டத்து டெல்ஃபின்.
ஈவிரக்கம் பார்க்கமாட்டாள்.
பழக்கிவிட்டதே நான்தான்.

அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டு வண்டியை எடுத்தேன்.
தெற்கே பதினோரு மைல். உறவு கொண்டாட அல்ல,
உத்தரத்தை ஒருமுறை பார்க்கலாமென்று.

ஆர்வோ வீட்டில் இல்லை.
கொட்டகை சாத்தியிருந்தது.
மேலே, உச்சிக் கூரைக்குக் கீழே
ஒரு சிறு சன்னல் மட்டும்
முழுதாகத் திறந்து
கொக்கி மாட்டியிருந்தது.
அதன் வழியே பனி
வைக்கோல்மேல் தூவிக்கொண்டிருந்தது.