ஏழாம் மிதவை

கிளைபேடா துறைமுகத்தில் நவம்பர் மூடுபனி,
கண்ணாடிக்கு வெளியே பஞ்சு அடைத்தது போல.
படகிலிருந்து வைடோதஸ் போன் செய்கிறான்:
"ஆறு அடிக்கிறது. எட்டு அடிக்கிறது.
ஏழு வாயே திறக்கவில்லை."

பனி அடர்ந்தால் தானாக அடிக்க வேண்டிய மணிகள்.
மூன்று மிதவைக்கும் ஒரே நிரல், ஒரே பதிப்பு எண்,
தொடக்கத் திரையில் அதே எழுத்துப்பிழை.

ஸ்கிர்மந்தே காபியை ஆறவிட்டு
கட்டுமானப் பதிவைக் கீழிருந்து மேலாகப் படிக்கிறாள்.
ஆறும் எட்டும் சர்வரில் கட்டியவை. லினக்ஸ்.
ஏழு, போன மாதம் சர்வர் படுத்த அன்று
வைடோதஸின் மடிக்கணினியில். விண்டோஸ்.
நாலாயிரத்துச் சொச்சம் வரிகளுக்கு நடுவே
சாம்பல் எழுத்தில் ஒன்று:
பனியுணரி, தவிர்க்கப்பட்டது.
பிழை என்று சொல்லவில்லை. எச்சரிக்கவும் இல்லை.
பந்தியிலிருந்து பாதியில் எழுந்து
யாரிடமும் சொல்லாமல் போனவன் மாதிரி.

காரணம் ஒரே வரி:
விண்டோஸ் என்றால் இதைக் கட்டாதே.

எது விண்டோஸ் என்றால்?
கட்டுகிற இயந்திரமா, கடலில் ஓடப்போகிற இயந்திரமா?
ஏறிய ஊரைக் கேட்டுவிட்டு
இறங்கும் ஊருக்கு டிக்கெட் கிழிக்கும் நடத்துனர்,
அப்படி ஒரு வரி.

நம் மொழியில் நிபந்தனைக்குத் தனி வீடு கிடையாது.
வினையின் வாலில் ஓர் ஆல்:
பெய்தால், நின்றால், போனால்.
விழுது எந்த மரத்தினுடையது என்று பார்க்காமல்
பிடித்துத் தொங்கினால் போச்சு.
லித்துவேனியர்கள் அதைப் பெண்ணின் பெயரிலேயே வைத்திருக்கிறார்கள்.
கல்யாணம் ஆகாவிட்டால் ஒரு விகுதி,
ஆனால் இன்னொன்று.

யார் எழுதியது என்று கேட்டாள். கணினி சொன்னது:
ஸ்கிர்மந்தே ஜிலின்ஸ்கைதே,
ஒன்பது வருடம் முன்பு, வெள்ளி மாலை 6:52.
குறிப்பு: தற்காலிகம்.

இப்போது அவள் பக்தோனியேனே.
யாரையோ திட்டத் திறந்த வாய்
திறந்தபடியே நின்றது.

அன்று அலுவலகத்தில் ஒரே ஒரு விண்டோஸ் பெட்டி.
தானே சமைத்துத் தானே தின்றது.
நிற்கும் இடம்தான் போகும் இடமும்.
இரண்டு கேள்விக்கும் ஒரே பதில் வந்த நாட்களில்
எந்தக் கேள்வியைக் கேட்கிறோம் என்று
யார் கவனித்தார்கள்?

ஹோஸ்ட் என்பதை அழித்தாள். டார்கெட் என்று எழுதினாள்.
முடிந்தது என்று நினைத்துத் தேடிப் பார்த்தால்
அதே சொல் இன்னும் பதினொரு இடத்தில்.
ஐந்து நிஜமாகவே ஹோஸ்டைத்தான் கேட்கின்றன.
கோப்புப் பாதையில் கோடு எந்தப் பக்கம் சாயும் என்பது
கட்டுகிறவனின் கவலை, கடலுடையது அல்ல.
அவற்றைத் தொடவில்லை. நான்கை மாற்றினாள்.
இரண்டு புரியவில்லை. பழைய ஜிலின்ஸ்கைதே
என்ன நினைத்தாளோ,
தலைக்கு மேல் ஆளுக்கொரு கேள்விக்குறி வைத்தாள்.
கடைசியாக அந்தச் சாம்பல் வரி:
இனி எதையாவது விட்டுவிட்டுப் போவதென்றால்
கத்திவிட்டுப் போ, கட்டுமானத்தையே நிறுத்து.

லினக்ஸ் பச்சை. விண்டோஸ் பச்சை.
மாக் சிவப்பு; அது வேறு வழக்கு, திங்கட்கிழமை.

நாலரை மணிக்கு இருட்டிவிட்டது.
வைடோதஸ் மிதவையோடு படகைக் கட்டி,
குளிரில் விறைத்த விரலால் புதிய நிரலை ஏற்றி,
போனைத் தண்ணீர் பக்கம் நீட்டினான்.
முதலில் அலை மட்டும். அவனுடைய மூக்குறிஞ்சல்.
பிறகு ஓர் அடி. இன்னொன்று.
பன்னிரண்டு வரை எண்ணினாள்.

"நின்றுவிட்டது," என்றான். "சரிதானா?"

அவள் ஜன்னலைப் பார்த்தாள்.
எதிர்க்கரையில் ஸ்மில்தினேயின் படகுத்துறை விளக்குகள்
ஒன்று, மூன்று, பிறகு வரிசை முழுக்க.
"பனி விலகுகிறது. சரிதான்," என்றாள்,
பதிவை மறுபடி திறந்து
முதல் வரியிலிருந்து படிக்கத் தொடங்கியபடி.