ஜன்னல் அளவு

வேதரத்தினம் சார் அளவு சொன்னார்:
ரெண்டடிக்கு ஒன்றரை.
“கிரில் ஒண்ணு வேணும்மா, சனிக்கிழமைக்குள்ள.”

பாமணி ஆற்றோரப் பட்டறையில்
பதினோரு வருஷமாக எனக்குத் தெரிந்த கிரில் ஒன்றுதான்.
நடுவில் மாங்காய், நாலு மூலையிலும் சுருள்,
மேலே ரெட் ஆக்சைடு ரெண்டு கோட்டு.
ஞாயிறு காலை, டி.வி.எஸ். வண்டியில் கட்டிக்கொண்டு
திரும்பி வந்து நின்றார்.
“ஜன்னலுக்கு இல்லம்மா.
மீனுக்கு.”

சிரித்து முடிக்க ரெண்டு டீ ஆனது.
பிறகு கிரைண்டரைப் போட்டு
வெள்ளி தெரியும்வரை பெயின்ட்டை உரித்தேன்.

புதிதாகச் சுடக் கிளம்புகிறவர்களுக்குச் சொல்லிவைக்கிறேன்:
பெயின்ட் பட்ட இரும்பில் சோறு கிடையாது.
ஜி.ஐ. கம்பியில் அறவே கிடையாது.
துத்தநாகம் புகைந்தால் ராத்திரி குளிர்க்காய்ச்சல்,
நாக்கில் காசு சப்பிய ருசி.
ஒரு கோழிக்கூண்டு வேலையில்
மூன்று நாள் படுத்தவள் சொல்கிறேன்.
பத்து எம்.எம். கறுப்புக் கம்பி போதும்.
வெறும் தணலில் ஒருமுறை வாட்டி
எண்ணெய்த் துணியால் துடையுங்கள்.

அவர் வீட்டுக் கொல்லையில்
ஒரு எலுமிச்சை, ஒரு அடிபம்பு,
வேலிக்கு மேற்கே ராசகிளி வீட்டு வைக்கோல்போர்,
போன வாரம் அறுத்த குறுவை.
நாலரை மணிக்குக் கடல்காற்று கிழக்கிலிருந்து கிளம்பிவிடும்.
பொறிக்கு ஏது கால்?
காற்றுதான் தூக்கிக்கொண்டு போகும்.
அடுப்பைப் பம்புக்கு அந்தப் பக்கம், சுவர் மறைவுக்கு
நான்தான் இழுத்துப் போட்டேன்.
ஒரு வாளித் தண்ணீரும்.

கருவேலங்கரி, அடியில் நாலு கொட்டாங்குச்சி.
மண்ணெண்ணெய் பாட்டிலோடு வந்தார்,
பிடுங்கி வைத்தேன்.
அந்த வாடை மீனை விட்டுப் போகாது சார்,
ஊற்றியவரின் புருவமும் சில சமயம் போய்விடும்.

கொழுந்துவிட்டு எரிந்ததும்
முத்துப்பேட்டைக் கொடுவாயைத் தூக்கிப் போட்டார்.
நான் வேண்டாம் என்பதற்குள் போட்டுவிட்டார்.
ரெண்டு நிமிஷத்தில் புரட்டவும் பார்த்தார்.
தோல் மாங்காயைப் பிடித்துக்கொண்டது,
சதை தணலில் விழுந்தது,
கூட்டுறவு வங்கியில் முப்பது வருஷம்
ஒரு ரூபாய் குறையாமல் எண்ணியவர்
கரண்டியோடு நின்றார்.

சுவாலையில் மீன் வேகாது சார், கரியும்.
தணல் சாம்பல் பூசிக்கொள்ளட்டும்.
ஒரு சாண் மேலே உள்ளங்கையைக் காட்டுங்கள்,
மூன்று எண்ணுவதற்குள் கை தானாக விலகினால்
மீனுக்குச் சரி.
ஒரு பக்கம் தணலைக் குவியுங்கள், மறு பக்கம் காலியாகக் கிடக்கட்டும்;
மேல் கறுத்து உள் வேகாத துண்டு
ஒதுங்கி உட்கார ஒரு இடம் வேண்டும்.

அடுத்த மீன்.
ஈரத்தைத் துணியில் ஒற்றி, எண்ணெயை மீனுக்குத் தடவி,
வாலைப் பிடித்து மெல்லக் கிடத்தி,
இனி தொடாதீர்கள் என்றேன்.
அவருக்குக் கை பொறுக்கவில்லை.
பற்றவைத்த சூட்டில் சுத்தியலால் தட்டினால்
கசடு வராது, ஆறவிட்டால் தானே உரியும்.
மீனுக்கு அது தலைகீழ்,
வெந்தால்தான் கம்பியை விடும்.
ரெண்டுக்கும் மருந்து ஒன்றுதான்,
கையைக் கட்டிக்கொண்டு நிற்பது.

ஏழு நிமிஷம். விட்டது.
புரட்டினால் விலாவில் முழு மாங்காய்,
காம்பு உட்பட,
நான் வளைத்த அதே வளைவு.

புகைக்கு வரமாட்டேன் என்றிருந்த மரகதவல்லி அக்கா
தட்டோடு வந்து போட்டோ எடுத்து
தலைஞாயிற்றுத் தங்கைக்கு அனுப்பினாள்.
இப்போது மூன்று ஆர்டர்.
ஒன்றுக்கு மயில் வேண்டுமாம்.
மயில் வேண்டாம், இறகுச் சந்தில் சதை மாட்டும்
என்றால் யார் கேட்கிறார்கள்.

தின்று முடித்தபின் சாம்பலைக் கிளறித்
தண்ணீர் ஊற்றி, மறுபடி கிளறுங்கள்.
உள்ளே விழித்திருக்கும்.

கருகிய முதல் மீனை வாழையிலையில் ஒதுக்கி வைத்திருந்தோம்.
பார்த்தால் இலை மட்டும்.
சமையற்கட்டு ஜன்னல் வழியாக வாலொன்று போனது.
“அதுல கம்பி இல்லையா சார்?”
“இல்லம்மா, ரொம்ப நாளா.”
டேப்பை எடுத்தேன்.
ரெண்டடிக்கு ஒன்றரை.