பன்னிரண்டாம் அத்தியாயம்

வுப்பர்டாலில் ரயில் தொங்கிக்கொண்டு போகிறது.
கீழே ஆறு. தண்டவாளம் தலைக்கு மேலே.
வளைவில் பெட்டி ஆடும்போது
புதிதாய் வந்தவர்கள் மட்டும் கம்பியைப் பிடிப்பார்கள்.
நான் மடியில் கொப்பியை வைத்துக்
காதல் கதை எழுதுகிறேன்,
பேக்கரியில் விடியுமுன் தொடங்கி முடித்த கை,
நகக்கண்ணில் மா.

மூன்று கிழமையாய் இந்த அத்தியாயம் நகரவில்லை.
நிலானிக்கு இரண்டு தரம் கரு கலைந்திருக்கிறது.
தானாய்க் கலையவில்லை.
ஆதிரன் மழையில் குடையோடு நிற்கிறான்,
அவனிடம் சொல்ல வேண்டும்.
அவன் தாய் வேறு
"ஊரில நீங்கள் எந்தப் பக்கம், பிள்ளை?" என்று
ஒருதரம் கேட்டுவிட்டாள்.
இனி அந்தக் கேள்வி
எல்லா அத்தியாயத்திலும் சாப்பாட்டு மேசையில் இருக்கும்,
உப்புக் குப்பி மாதிரி.

சென்னையிலிருந்து பதிப்பாளர் பரஞ்சோதி:
"சந்தோஷத்துக்குத்தானேம்மா வாங்குறாங்க.
அந்த அடி உதையை ஒரு வரியில முடிச்சிடுங்க.
சாதி வேண்டாம்.
அட்டையில ரோஜா போட்டாச்சு."

ஒரு வரியில் முடியுமென்றால்
அவளே முடித்திருக்கமாட்டாளா?

முதல் நாவலில் நான் முடித்தேன்.
அறைந்தவன் கடைசிப் பக்கத்தில் அழுதான்,
அவள் மன்னித்தாள்,
வந்த காசில் மகனுக்குக் குளிர்ச் சப்பாத்து.
எல்பர்ஃபெல்ட் தமிழ்க்கடையில்
முருங்கைக்காய் தெரிந்துகொண்டிருந்த வதனி
என்னைப் பாராமலே கேட்டாள்:
"அவன் உண்மையாத் திருந்தினவனோ, அக்கா?
நானும் அந்தக் கடைசிப் பக்கத்தைப்
பதினொரு வருஷமாப் பாத்துக்கொண்டிருக்கிறன்."
மிச்சக் காசை வாங்காமல் வந்துவிட்டேன்.

அதனால் இந்த முறை
நிலானி குடைக்குள் போகவில்லை.
நனைந்தபடி திகதி சொல்கிறாள்,
வார்டு இலக்கம்,
அன்று அவன் தன் சட்டையைத் தோய்க்கச் சொன்னது.
ஆதிரனுக்கு நான் வசனம் எழுதவில்லை.
எழுதினால் அழகாய் வந்துவிடும், பயமாயிருக்கிறது.
குடையை மடக்குகிறான். அவ்வளவுதான்.

கல்யாணம் நடக்கும், பரஞ்சோதி ஐயா.
அதில் கைவைக்க மாட்டேன்.
நடக்குமென்று தெரிந்தால்தான்
வதனி இந்தப் பக்கம்வரை வருவாள்.
மேலே தண்டவாளம் இருக்கிறதென்று தெரிந்தவர்கள்தானே
குனிந்து ஆற்றைப் பார்க்கிறார்கள்.

ஓபர்பார்மன். கடைசி நிறுத்தம்.
எல்லோரும் இறங்கவேண்டுமாம்.
நிலானி இன்னும்
இரண்டாவது தரத்தைச் சொல்லத் தொடங்கவில்லை.