மீண்டும் நடுங்குதல்

ஓடென்ஸ் மருத்துவமனை, ஐந்தாம் மாடி.
பிப்ரவரி. ஜன்னலில் ஈயநிற வானம்.
இடக்கையைச் சூடான பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள்
மாவைப் பொங்க வைப்பது போல.
வலக்கையில் இரண்டு குழாய்.
ஒன்றில் இன்சுலின், ஒன்றில் சர்க்கரை நீர்.
என்னை ஏற்றுவதும் இறக்குவதும்
செவிலி ரான்ஹில்டின் விரல்.

ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ரத்தம்,
பிறகு அதே கேள்விகள்:
வியர்க்கிறதா, போடில்? பசி? படபடப்பு?
பூஜ்யத்திலிருந்து ஆறுக்குள் ஓர் எண் சொல்.
நூறிலிருந்து ஏழேழாகக் கழி.

தொண்ணூற்று மூன்று. எண்பத்தாறு.
எழுபத்தொன்பது.

அக்டோபரிலும் இதே கட்டில்தான்.
சர்க்கரை இரண்டரைக்கு இறங்கியும்
எல்லாவற்றுக்கும் பூஜ்யம் என்றேனாம்,
சிரித்தபடி.
இன்னும் தொடங்கவில்லையா என்று கேட்டேனாம்.

முப்பத்தோராண்டு நோய்.
குளுக்ககான்தான் முதலில் அடங்கியது.
ஈரலின் கதவைத் தட்டிச்
சர்க்கரையை எழுப்ப வேண்டியது அது.
பக்கத்துக் குடி காலியானதும்
அதற்கும் பேச்சு நின்றுவிட்டது.

மிஞ்சியது அட்ரினலின்.
அது கத்தும். நெஞ்சில் உதைக்கும்.
சட்டையை நனைக்கும்.
சாறு எடு, சாறு எடு என்று கையை உலுக்கும்.

புலி வருது கதை எல்லோருக்கும் தெரியும்.
என் கதையில் பொய் இல்லை.
கத்திய ஒவ்வொரு தடவையும் புலி வந்தது,
வாரத்துக்கு நான்கு முறை வந்தது.
கேட்டவளுக்கு அல்ல,
கத்தியவனுக்கு அலுத்துவிட்டது.

கார்டிசோலும் வளர்ச்சி ஹார்மோனும்
பந்தி முடிந்து இலை எடுத்தபின் வரும் உறவுக்காரர்கள்.
வரட்டும்.
எனக்குத் தேவை முதல் ஐந்து நிமிடம்.

செப்டம்பரில், என் சைக்கிள் கடையில்,
ஒரே கம்பியை முறுக்கிக்கொண்டே இருந்தேன்
சக்கரம் அப்பளமாய் வளையும் வரை.
சக்கரத்தின் சொந்தக்காரிக்கு எட்டு வயது.
"ஏன் அதை வலிக்க வைக்கிறாய்?" என்றாள்.
அவள் வாய் அசைந்தது தெரிந்தது,
சொல் வந்து சேரவில்லை.
தோர்கில் ஓடிவந்து என் ஈறில் தேன் தடவினான்.
அன்றிரவு முழுக்க
மணிக்கொரு முறை அவன் கை
என் பிடரியில் வியர்வை தேடியது.
இருந்தால்தானே.

டாக்டர் ஹெபில் மருந்தே எழுதவில்லை.
நான்குக்குக் கீழே இறங்காதீர்கள், என்றார்.
ஒரு தடவைகூட. மூன்று மாதம்.
சத்தம் திரும்பலாம்,
முழுதாக அல்ல, சத்தியமாக அல்ல, ஒருவேளை.

கொஞ்சம் இனிப்பாகவே வாழ்ந்தேன்.
படுக்குமுன் எட்டு.
இரவு இரண்டு மணிக்கு அலாரம், விரல்நுனியில் ஊசி,
மாவுபடிந்த நாக்கோடு ஒரு பிஸ்கட்.
பனியில் சைக்கிள் மிதிக்கும்முன் இன்னொன்று.
கிறிஸ்துமஸுக்குள் மூன்று கிலோ கூடிவிட்டேன்.
தோர்கில் எதுவும் சொல்லவில்லை,
புதிய கால்சட்டை வாங்கி வந்தான்.

எழுபத்திரண்டு.
அறுபத்து...

அறுபத்து...

ரான்ஹில்ட், பெட்டி ஆடுகிறது.
இல்லை, பெட்டி இல்லை.
விரல்.
மேலுதட்டில் உப்பு.
நெஞ்சுக்குள் யாரோ மரப்படிகளில்
செருப்போடு ஏறி வருகிறார்கள்,
இரண்டிரண்டு படியாக.

அவள் திரையைப் பார்க்கிறாள். மூன்று புள்ளி ஒன்று.
"எண் சொல், போடில்."
நாலு. இல்லை, ஐந்து.
"அழுகிறாயே. பயமாக இருக்கிறதா?"
ஆமாம்.
ஆமாம், பயமாக இருக்கிறது.
எழுதிக்கொள்.

பிறகு சர்க்கரை நீரைத் திறந்துவிட்டார்கள்.
சீஸ் வைத்த ரொட்டி, ஆரஞ்சுச் சாறு.
கோப்பை கையில் தந்தியடித்தது,
பாதிச் சாறு போர்வையில்.
துடைக்க வந்தவளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.
இரு,
கொஞ்ச நேரம் ஆடட்டும்.